பேத்தமங்களாவுக்கு ஒரு மஞ்சள் கவுன்

காகிதத்தில் வரைந்த ஓர் ஆளை வைத்துத்தான் டீனாவின் இடது கைச் சுண்டுவிரல் உடைந்தது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், மார்ச் மாதம். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவர்கள் இருந்த லைன் வீட்டுக்கு எதிரே ஜகரண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்து நின்றன. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அவள் புருஷன் சைலஸ், தையல் மிஷின் டிராயரில் பீடிக்கு நெருப்புப் பெட்டி தேடும்போது அந்த நோட்டு கையில் அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் கவுன் போட்ட ஒரு பெண். ஒரு பக்கத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். இன்னொன்றில் ஏரிக்கரையில் நடந்தாள். அவள் பக்கத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருவன். அவனுக்கு முகம் மட்டும் வரையப்படவில்லை.

"யார்றி இவன்?"

"யாரும் இல்லீங்க. சும்மா போட்டது."

"சும்மா போட்டவனுக்கு மூஞ்சி எங்க? போட்டா தெரிஞ்சிடும்னு உட்டுட்டியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கிவிட்டான். காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

படத்தில் இருந்தவன் சைலஸ்தான். சைலஸுக்கு இடது தோள் வலது தோளைவிட அரை இஞ்ச் இறங்கியிருக்கும். கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்தபோதே டீனா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல், தோளுக்கு உள்ளே மெல்லிய பட்டி ஒன்று வைத்துத் தைத்துச் சமன் செய்தாள். கோயிலில் மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். படத்தில் கூடை தூக்கியவனுக்கும் இடது தோள் அரை இஞ்ச் இறங்கித்தான் இருந்தது. முகம் வரைய அவளுக்கு வராது, அதனால் விட்டிருந்தாள். சைலஸுக்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் வரைந்த எந்தப் படத்திலும் ஆம்பளை யாரும் வரவில்லை.

ஆனால் கவுன்கள் நிற்கவில்லை.

டீனா தைத்தால் உள்பக்கத்தைத் திருப்பி வெளியே போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஒரு நூல் தொங்காது. ஆண்டர்சன்பேட்டைத் துணிக்கடைக்காரர்களே தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பை அவளிடம்தான் கொடுத்தார்கள். வருகிறதெல்லாம் ரவிக்கையும் நைட்டியும் பள்ளிக்கூட யூனிஃபார்மும்தான். அதை முடித்துவிட்டு, உலை கொதிக்கும் நேரத்தில் நோட்டை எடுப்பாள். லைனில் இருக்கும் பொம்பளைகள் எல்லாரும் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நைட்டியில், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. ரோஜாவும் செவ்வந்தியும் அப்படி உடுத்திக்கொண்டு நிற்க, அதை வளர்க்கிறவள் மட்டும் ஏன் சாயம்போன நைட்டியில் நிற்க வேண்டும் என்பது டீனாவின் கேள்வி.

அவள் நினைத்த தோட்டத்துக் கவுன் இப்படி இருக்கும். வெளிர் நீலப் பருத்தி, அதில் பொடி வெள்ளைப் பூ. முழங்காலுக்கு நாலு விரல் கீழே. கை முழங்கைவரைக்கும், முனையில் எலாஸ்டிக். முன்பக்கம் ஆழமாக இரண்டு பை, ஒன்று செடி வெட்டும் கத்தரிக்கு, ஒன்று விதைக்கு. கீழ் மடிப்பு இரட்டை மடிப்பு, சேறு பட்டாலும் கசக்கினால் போய்விடும். மார்ச் மாதத்துக் காற்றில் தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து சாம்பல் நிறத் தூசி கிளம்பி லைன் முழுக்க இறங்கும், அதனால் வெள்ளை உதவாது, கறுப்பும் உதவாது. இதையெல்லாம் படத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு. ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துற கவுன். பூ பறிக்கிற கவுன். மழை வருமான்னு பார்க்கிற கவுன்.

வெளியே போகிற கவுன் ஒன்று இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் பேத்தமங்களா. எலுமிச்சை மஞ்சள், வட்டக் காலர், பின்னால் முடிச்சுப் போடும் இடுப்புப் பட்டி, கீழே சுற்றிலும் ஜகரண்டாப் பூ எம்பிராய்டரி. பேத்தமங்களா ஏரிக்கரையில் காற்று அடித்தால் எந்தப் பக்கம் பறக்கும், எவ்வளவு பறக்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டு, கீழ் விளிம்புக்குள் கனமான நாடா வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆறு வருஷம் அது நோட்டிலேயே இருந்தது.

இந்த ஆறு வருஷத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. காது சவ்வு ஒரு முறை கிழிந்தது. இஸ்திரிப் பெட்டியின் தடம் வலது தோளில் இருக்கிறது, முனை கூட மறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவள் பொட்டு அளவுக்கு லேஸ் வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள் என்று, திரும்பி வந்ததும் பதினோரு ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கிக் குழாயடியில் குவித்தான். முள் கிழித்து அவன் கையெல்லாம் ரத்தம். அந்தக் கையாலேயே அவளை அறைந்ததில் எந்த ரத்தம் யாருடையது என்று தெரியாமல் போயிற்று. அவள் சாயந்திரமே செடிகளைத் திரும்ப நட்டாள். நாலு பிழைத்தன.

அவளுடைய அக்கா ஐடா ஊரிகாமில் இருந்தாள். எட்டாவதோடு நின்று, தம்பி தங்கைகளை வளர்த்தவள். டீனா ஒன்பது வயதில் பேப்பரில் வெட்டிய சட்டையை ஐடா இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளும், விரல் உடைந்து வந்தவளிடம், "கொஞ்சம் பொறுத்துகினு போ டீனா, குடிச்சாத்தானே அடிக்கிறான்" என்றுதான் சொன்னாள். அவன் குடிக்காமலும் அடித்தான் என்பதை டீனா சொல்லவில்லை.

வீடு டீனாவுடையது. சுரங்கம் மூடியபோது அவளுடைய அப்பாவுக்குக் கொடுத்தது, அவருக்குப் பிறகு இவளுக்கு வந்தது. ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். ஒருவர் வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டுக்குத் தும்மல் வரும். சைலஸ் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன். மாலூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை, ரயிலில் போய் வருவான். அவனுக்கு இந்த லைனின் பழக்கம் எதுவும் பிடிக்காது. அதிலும் ஒன்று அறவே பிடிக்காது.

அது தலை எண்ணுகிற பழக்கம். பூமிக்கடியில் குடைந்து விட்ட இடங்களில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அதற்கு இங்கே பர்ஸ்ட் என்று பெயர். சுரங்கம் ஓடிய காலத்தில் அடிக்கடி வரும். இப்போது எப்போதாவது ஒன்று. கீழே வெடித்தால் மேலே வீடு குலுங்கும், தட்டுமுட்டு விழும். உடனே எல்லாரும் எந்தக் கோலத்தில் இருந்தாலும் தெருக்குழாயடிக்கு ஓடிவந்துவிட வேண்டும். கதவைச் சாத்தக் கூடாது. ராஜப்பா எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வரும்வரை ஒருத்தரும் உள்ளே திரும்பக் கூடாது. ஆள் குறைந்தால் கதவை உடைத்தாவது உள்ளே போய்த் தூக்கி வர வேண்டும். அதில் கேள்வியே கிடையாது.

ராஜப்பா அடுத்த வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டில் டிரில்லிங் மிஷின் பிடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. டீனா வீட்டுச் சுவரை ஒட்டித்தான் அவர் கட்டில். காது கேட்காதே தவிர, தரையும் சுவரும் அதிர்ந்தால் லைனில் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

டீனாவின் கல்யாணமான வருஷம் ஒரு பர்ஸ்ட் வந்தது. எல்லாரும் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். சைலஸ் மட்டும் வரவில்லை. "போய்ச் சொல்லு, நான் தூங்கறேன்" என்று டீனாவை அனுப்பிவிட்டுப் போர்த்திக்கொண்டான். ராஜப்பா உள்ளே போய், லுங்கியைக் கொத்தாகப் பிடித்து அவனைத் தெருவரைக்கும் தரதரவென்று இழுத்து வந்தார். லைனில் மொத்தம் முப்பத்தொரு தலை, மற்ற முப்பது பேர் முன்னால் அவன் அரைகுறைத் துணியோடு நின்றான், பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு உள்ளே போனதும் டீனாவுக்கு விழுந்ததுதான் முதல் அடி.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் டீனா துணி வெட்டிவிட்டாள். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. ஏன் இந்த வருஷம் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அந்த எலுமிச்சை மஞ்சளைப் பார்த்தாள், ஆறு வருஷமாக நோட்டில் இருந்த அதே நிறம், கை தானாகப் போய்த் தொட்டது. ஈஸ்டர் திங்கட்கிழமை லைனே சேர்ந்து டெம்போ வைத்துப் பேத்தமங்களா போவது வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள், பத்து வீடும். எலுமிச்சைச் சோறு, முட்டை, சிப்ஸ், ஏரிக்கரை. கல்யாணத்துக்குப் பிறகு டீனா ஒரு முறைகூடப் போனதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை கவுனின் கீழ் விளிம்பில் கடைசிப் பூவைத் தைத்துக்கொண்டிருந்தபோது சைலஸ் பார்த்தான்.

"இத்த எவ போடப்போறா?"

"நான்தான். திங்கக்கெழம டெம்போல போறேன்."

"முப்பத்தஞ்சு வயசுல கவுனு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, மிஷின் மேல் இருந்த கத்தரியை எடுத்து அவள் கன்னத்தில் வைத்து, முனையால் லேசாக ஒரு கோடு இழுத்தான். ரத்தம் வரத் தேவையான அளவுக்கு. "போடு. போட்டுகினு அந்த வாசப்படிய நீ தாண்டிப் பாரு. தாண்டுற கால ஒடச்சிக் கையில குடுக்கறேன்."

டீனா கன்னத்தைத் துடைத்துவிட்டு, மஞ்சள் துணியில் ரத்தம் படாமல் மடியை விலக்கிக்கொண்டு, பூவை முடித்தாள். ஒன்று மட்டும் தீர்மானமாயிற்று. அந்தக் கவுனோடு வாசற்படியைத் தாண்டுவது. பேத்தமங்களா போகிறோமோ இல்லையோ, படியைத் தாண்டுவது.

திங்கட்கிழமை காலை டெம்போ ஒன்பதுக்கு. சைலஸின் ரயில் வழக்கமாக எட்டே முக்காலுக்கு வரும். டீனா எட்டரைக்கே மஞ்சள் கவுனைப் போட்டுத் தயாராகிவிட்டாள். கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அவன் முந்தின ரயிலைப் பிடித்திருந்தான்.

கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டான். டிபன் கேரியரைக் கீழே வைத்தான். ஒன்றும் அவசரப்படவில்லை.

"கெளம்பிட்டியா? அங்க யாரு வரான்? அந்த மூஞ்சி இல்லாதவன் வரானா?"

"வரமாட்டான்" என்றாள் டீனா. "அவன் செத்து ஆறு வருஷம் ஆச்சு."

அவனுக்கு அது புரியவில்லை. புரியாததே போதுமாக இருந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுழற்றி இரும்பு பீரோமேல் எறிந்தான். ஓதம் படக் கூடாதென்று சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்திருந்த பீரோ. துணிச் சுருள்கள் நிறைந்து இரண்டு ஆள் கனம் இருக்கும். அது பின்னால் சாய்ந்து பொதுச் சுவரில் போய் மோதி முன்னால் வந்தது. அவள் நெற்றி பிளந்தது. எழுந்தாள். கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அவன் வலது கையைப் பிடித்து முறுக்கி முழங்காலை வைத்து அழுத்தினான். முழங்கைக்குக் கீழே எலும்பு போனது அவளுக்குச் சத்தமாகத்தான் முதலில் தெரிந்தது, வலி பிறகு வந்தது. மறுபடி தூக்கி எறிந்தான். இந்தத் தடவை பீரோ நிற்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, முழுக் கனத்தோடு பொதுச் சுவரில் இடித்துத் தரையில் விழுந்தது.

அடுத்த வீட்டில் அலமாரியிலிருந்து எவர்சில்வர் தட்டெல்லாம் கொட்டிற்று. ராஜப்பாவைக் கட்டில் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது.

"பர்ஸ்ட்!" என்று அவர் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். "பர்ஸ்ட்! வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

பேத்தமங்களா போகப் புதுத்துணியில் நின்றவர்கள், பாதி ஷேவிங்கில் இருந்தவர்கள், இடுப்பில் குழந்தை, கையில் எலுமிச்சைச் சோற்றுக் குண்டான், எல்லாரும் குழாயடிக்கு வந்துவிட்டார்கள். ராஜப்பா ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"இருபத்தொம்போது. ரெண்டு கொறையுது. யாரு ஊடு?"

ராஜப்பாவின் பெண்சாதி கோவிந்தம்மா தரையைப் பார்த்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவரில் மோதியது என்ன என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேர் எந்த வீட்டில் என்றும் தெரியும்.

"ஏழாம் நம்பர்" என்றான் அவர்கள் மகன் பிரேம், மெதுவாக. பிறகு அப்பாவுக்குக் கேட்காது என்பது நினைவு வந்து ஏழு விரலைக் காட்டினான்.

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினுகீறீங்க? கதவ ஒடைங்க!"

எட்டு வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடந்தாலும், அது புருஷன் பெண்சாதி சமாசாரம் என்று தள்ளி நின்றவர்கள்தான் அத்தனை பேரும். பர்ஸ்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. பிரேமும் இன்னும் மூன்று பேரும் தோளைக் கொடுத்தார்கள். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

சைலஸ் பெல்ட்டோடு நின்றான். டீனா கவிழ்ந்து கிடந்த பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க ரத்தம். இடது கையால் கவுனின் முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்து ஒதுக்கி வைத்திருந்தாள், அதில் படாமல்.

"குடும்ப விஷயம், வெளிய போங்க" என்றான் சைலஸ்.

பிரேம் அவன் வாயிலேயே ஒன்று வைத்தான். அதற்கப்புறம் நாலு பேரும் சேர்ந்து வைத்ததில் சைலஸ் இரண்டு பல்லைத் துப்பினான். குழாய்க் கம்பத்தில் அவனுடைய பெல்ட்டாலேயே அவனைக் கட்டினார்கள். டீனாவைப் பொம்பளைகள் தூக்கினார்கள். வாசற்படி வந்ததும் அவள், "எறக்குங்க" என்றாள். "நானே தாண்டறேன்." இறக்கினார்கள். தாண்டினாள். அந்தப் பக்கம் போய்த்தான் மயங்கினாள். பேத்தமங்களாவுக்கு வைத்த டெம்போ ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கை வீங்கிக் கவுனின் கையை நிரப்பிவிட்டிருந்தது. நர்ஸ் கத்தரியோடு வந்து, "கட் மாட்பேகம்மா, பேரே தாரி இல்ல" என்றாள் கன்னடத்தில், வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று.

"வெட்டாதீங்க சிஸ்டர். தையலப் பிரிங்க. அக்குளுக்குக் கீழ ஒரு நூல் முடிச்சு இருக்குது பாருங்க. அத்த அறுத்து இழுத்தீங்கன்னா மணிக்கட்டு வரைக்கும் தானா வந்துடும்."

நர்ஸ் நம்பாமல் இழுத்தாள். நூல் ஒரே இழுப்பில் வந்தது. துணியில் ஒரு கிழிசல் இல்லை. அந்த நர்ஸ் பிற்பாடு இரண்டு சுடிதார் தைக்கக் கொடுத்தாள்.

ஐடா ஓடி வந்து தங்கையின் காலடியில் உட்கார்ந்து, பொறுத்துக்கொண்டு போ என்று சொன்ன வாயிலேயே தன்னை அறைந்துகொண்டாள். சைலஸின் அண்ணன் வந்து, "ஒரு தபா மன்னிச்சிடுங்க, கேஸ வாபஸ் வாங்குங்க" என்று இழுத்தபோது, அவன் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை ஐடா தூக்கிச் சுவரில் அடித்தாள். "இன்னொரு தபா இந்தப் பக்கம் வந்தா இது சுவத்துல படாது." அவன் போய்விட்டான்.

கோவிந்தம்மா மறுநாள் வந்தாள். நெடுநேரம் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு டீனா. எட்டு வருஷமா கேட்டுச்சு. டிவிய ஜாஸ்தியா வெச்சிக்குவேன்."

"தெரியும் அத்த" என்றாள் டீனா. "டிவி சத்தம் எனக்கும் கேக்கும்."

ஸ்டேஷனில் ராஜப்பா வாக்குமூலம் கொடுத்தார். பர்ஸ்ட் எங்கே ஆனது என்று ரைட்டர் எழுதிக் காட்டிக் கேட்டார். "ஏழாம் நம்பர் ஊட்டுல" என்றார் ராஜப்பா. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஜாமீனில் வந்த சைலஸ் லைன் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. பேத்தமங்களாவை மே மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்குத் தள்ளி வைத்தார்கள். கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தால் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால், கட்டோடே போவதென்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியில் பிரித்த கவுன் கையை என்ன செய்வது? டீனா சொல்லச் சொல்ல ஐடா இரண்டு ஓரத்திலும் ஊதா ரிப்பன் வைத்தாள், கட்டின்மேல் அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்படி. ஐடாவின் தையல் கோணல்.

"இன்னாக்கா இது, நண்டு போன தடம் மாதிரி கீது. பிரி."

"மூணாவது தபா பிரிக்கறேன்டி."

"நாலாவது தபாவும் பிரி."

ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை ஐடா ஊரிகாம் போயிருந்தாள், காலையில் வருவதாகச் சொல்லி. மணி நாலு. டீனா நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பையில் கத்தரி, ஒரு பையில் செண்டுப்பூ விதை. பிழைத்த நாலு செடியில் மூன்று பூத்திருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் சைலஸ் நின்றான்.

"ஊட்டுக்கு வந்துகீறேன். கதவத் தெற."

"இது உன் ஊடு இல்ல."

அவன் வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தான். வழியில் இருந்த முதல் செடியை அப்படியே பிடுங்கினான். டீனா சொம்பை அவன் முகத்தில் எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். புதுத் தாழ்ப்பாளை ஒரு கையால் போட வரவில்லை. கதவுக்குப் பின்னால் அப்பாவின் கடப்பாரை இருந்தது, செடிக்குக் குழி வெட்டுகிற கடப்பாரை. அதை இடது கையால் தூக்கினாள். அவன்மேல் ஓங்கவில்லை. திரும்பி, பொதுச் சுவரில், ராஜப்பாவின் கட்டில் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த இடத்தில், முழுப் பலத்தோடு மோதினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் காரை பெயர்ந்து விழுந்தது.

சைலஸ் பின்னாலிருந்து கவுனின் பையைப் பிடித்து இழுத்தான். பை கிழிந்தது. விதை தரையெல்லாம் சிதறியது. அவள் திரும்பினாள். அவன் ரப்பர் செருப்புப் போட்டிருந்தான். வலது கால் முன்னால் இருந்தது. கடப்பாரையை ஒரு சாண் தூக்கி, குழிக்கு இடம் பார்ப்பதுபோலப் பார்த்து, நேராக இறக்கினாள். அவன் போட்ட கூச்சல் ரயில் நிலையம்வரைக்கும் கேட்டிருக்கும். கேட்காதது ராஜப்பாவுக்கு மட்டும்தான். அவர் அதற்குள் தெருவில் நின்று, "பர்ஸ்ட்! வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பத்து வீட்டுக் கதவும் திறந்தது. டீனா கடப்பாரையை அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றாள். பின்னாலேயே சைலஸ் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு, செருப்பெல்லாம் ரத்தமாக வந்தான்.

ராஜப்பா அவனைப் பார்த்தார். டீனாவின் கிழிந்த பையைப் பார்த்தார். இது பர்ஸ்ட் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு, அவசரமில்லாமல். கோவிந்தம்மாவைத் தொட்டார், பிரேமைத் தொட்டார், டீனாவைத் தொட்டார். சைலஸ் நின்ற இடத்தில் அவர் விரல் காற்றில் தாண்டி, அடுத்து நின்ற குழந்தையின் தலையில் இறங்கியது.

"முப்பது" என்றார். "எல்லாரும் வெளிய கீறாங்க."

"யோவ், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போங்கய்யா" என்றான் சைலஸ். "கால் போச்சுய்யா. மனுஷங்கதானே நீங்க?"

யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. கோவிந்தம்மா மட்டும் நாலு எட்டு முன்னால் வந்து அவன் எதிரில் நின்றாள்.

"எனக்குக் காது கேக்கும்" என்றாள். "ஆனா ஒன் சத்தம் மட்டும் கேக்காது. எட்டு வருஷம் பழகிடுச்சு."

பிரேம் போலீஸுக்குப் போன் செய்தான். ஜீப் வரும்வரை சைலஸ் சாக்கடைக் கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ராஜப்பா சொல்லும்வரை வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் எல்லாரும் அங்கேயே நின்றார்கள். அவர் சொல்லவே இல்லை, ஜீப் கிளம்பிப் போகிறவரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு டெம்போ வந்தது. டீனா மஞ்சள் கவுனில் வாசற்படியைத் தாண்டினாள். கட்டுப் போட்ட கையின்மேல் ஊதா ரிப்பன்கள் ஐந்து முடிச்சாக வரிசையில் நின்றன, ஐந்தும் நேராக. ஏழு தடவை பிரித்துத் தைத்தது. லைன் பொம்பளைகள் சுற்றி வந்து பார்த்தார்கள், கீழ் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார்கள், உள்ளே நாடா எதற்கு என்று கேட்டார்கள்.

"ஏரிக்கரைல காத்து அடிக்கும்" என்றாள் டீனா.

"எனக்கு ஒண்ணு தெச்சிக் குடு" என்றாள் கோவிந்தம்மா. "நீலமே போதும். பாக்கெட் ரெண்டும் வெச்சிடு."

"வயசு இன்னா ஆவுதுன்னு பாரு இந்தம்மாவுக்கு" என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"செடிக்குத் தெரியுமா என் வயசு?"

டீனா சிரிக்கவில்லை. கோவிந்தம்மாவின் தோளையும் இடுப்பையும் கண்ணாலேயே அளந்தாள். "கட்டுப் பிரிச்சதும் அளவு குடுங்க" என்றாள்.

ராஜப்பா டெம்போ படியில் நின்று ஏறுகிறவர்களைத் தொட்டு எண்ணினார். முப்பது. பிறகு ஊரிகாமிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஐடாவின் தலையில் விரலை வைத்து யோசித்தார்.

"கூட ஒண்ணு" என்று சொல்லி, டிரைவருக்குக் கையைக் காட்டினார்.